கிராமத்தின் நீர்க் கணக்கு
பயிரும் மரமும் பருகும் நீரை அளந்தறியும் ஆராய்ச்சி

பஞ்சாயத்தின் வரவு செலவுக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் தணிக்கையாளர் கேள்வி எழுப்புவார். வீட்டு வரி எவ்வளவு, மீன் பாசிக் குத்தகை எவ்வளவு, தெரு விளக்குக்குச் செலவு எவ்வளவு என்பதெல்லாம் ஏட்டில் உண்டு. ஆனால் கிராமத்தின் உயிர்நாடியாகிய நீருக்கு அத்தகைய கணக்கு உண்டா? இவ்வாண்டு மழையாக எவ்வளவு வந்தது, ஏரியில் எவ்வளவு தங்கிற்று, கிணற்றில் எவ்வளவு ஊறிற்று, எவ்வழியாக எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டால் விடை கூறத்தக்க பஞ்சாயத்துகள் மிகச் சிலவே.

செங்கற்பட்டு மாவட்டத்திற்கு, குறிப்பாகக் கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரைக் கிராமங்களுக்கு, இக்கணக்கு இன்று இன்றியமையாததாகிவிட்டது. நெல் விளைந்த நிலம் மனையாகிறது. சவுக்குத் தோப்பு நின்ற மணல்மேட்டில் விடுதிகள் எழுகின்றன. ஏரியின் நீர்பிடிப்புப் பகுதியில் சீமைக் கருவேலம் அடர்ந்து நிற்கிறது. இம்மாறுதல்கள் ஒவ்வொன்றும் கிணற்று நீரை என்ன செய்கின்றன என்பதை ஆராயும் விஞ்ஞானத் துறை ஒன்று உலகெங்கும் வளர்ந்து வருகிறது. தாவரங்களின் நீர்ச் செலவும் நிலப் பயன் மாறுதலும் என்பது அதன் பொருள். டாக்டர் பட்டம் பெற்ற இளம் விஞ்ஞானிகள் பலர், பட்டத்திற்குப் பிந்திய ஆராய்ச்சியாக இதனை மேற்கொள்கின்றனர். அவர்கள் கண்டறிந்தவற்றையும், அவற்றால் நம் கிராமங்களுக்கு விளையும் பயனையும் இக்கட்டுரை விளக்கும்.

இலை வழியே செல்லும் நீர்

பயிர் வேரினால் உறிஞ்சும் நீர் அனைத்தும் அதன் உடலில் தங்கிவிடுவதில்லை. நூறு பங்கு நீரில் ஏறத்தாழ 97 பங்குக்கு மேல் இலைகளின் வழியே ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. இதனை நீராவிப்போக்கு என்பர். இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் எண்ணற்றவை உண்டு. உணவு தயாரிப்பதற்கு வேண்டிய கரியமில வாயு அத்துளைகளின் வழியாகவே உட்புகுகிறது. துளை திறந்தால் வாயு உள்ளே வரும். அப்போதே நீரும் வெளியே செல்லும். ஆகவே பயிர் செலவழிக்கும் நீர் வீண் செலவு அன்று. அது விளைச்சலுக்குக் கொடுக்கும் விலை.

இதனை முதன்முதலில் முறையாக அளந்தவர் இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடி ஒன்றின் தொட்டியை மூடி, காலையும் மாலையும் எடையிட்டுப் பார்த்தார். ஒரு பகலில் அச்செடி அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீரை இழந்தது. தம் முடிவுகளை அவர் 1727ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இன்று கருவிகள் மாறியிருப்பினும், அவர் கேட்ட கேள்வியே இன்றும் கேட்கப்படுகிறது: இந்தச் செடி ஒரு நாளில் எவ்வளவு நீர் பருகுகிறது?

ஓர் ஏக்கரின் கணக்கு

மழையையும் பாசனத்தையும் மில்லிமீட்டரில் கூறுவது வழக்கம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர் ஆகும். ஓர் ஏக்கரில் அது ஏறத்தாழ 4,050 லிட்டர். இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்தினால் மற்றவை எளிதில் விளங்கும்.

நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவ மழையாகும். எனவே ஓர் ஏக்கர் நிலத்திற்கு இயற்கை ஆண்டுதோறும் அளிக்கும் வரவு சுமார் 48 லட்சம் லிட்டர்.

இனிச் செலவைப் பார்ப்போம். நெற்பயிர் ஒரு போகத்திற்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை என்று வேளாண்மை அறிஞர் கணக்கிடுகின்றனர். நிலக்கடலைக்கு 550 அளவிலும், கேழ்வரகிற்கு 350 அளவிலும், உளுந்து, பச்சைப் பயறுகளுக்கு 300க்குச் சற்றுக் குறைவாகவும் போதும். அதாவது, ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பாயும் நீர், அந்த ஏக்கரில் ஓராண்டு பெய்யும் மழை முழுவதற்கும் ஈடாகும். கிராமக் குடிநீருக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அவ்வளவின்படி 240 பேருக்கு ஓராண்டு முழுவதும் வழங்கத்தக்க நீர் அது.

ஆயினும் இக்கணக்கை அவசரப்பட்டுப் படித்தால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். நெல் வயலுக்குப் பாயும் நீரில் ஏறத்தாழப் பாதியே ஆவியாகி மறைகிறது. மற்றதில் பெரும் பகுதி வயலின் அடியில் கசிந்து இறங்கி, ஆயக்கட்டுக் கிணறுகளில் மீண்டும் ஊறுகிறது. ஆவியானது கிராமத்தை விட்டுப் போய்விட்ட செலவு; கசிந்தது நம் கிணற்றில் போட்ட சேமிப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்த ஆராய்ச்சியின் சாரம்.

அன்றைய நிலமும் இன்றைய நிலமும்

நிலப் பயன் மாறுதலை அறியப் பழைய நிலை தெரிய வேண்டும். இதில் செங்கற்பட்டுக்கு ஒரு பெரும்பேறு உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அன்றைய செங்கற்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை ஆய்ந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் மனை எவ்வளவு, ஏரி குளம் எவ்வளவு, காடு எவ்வளவு, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு என்று காணிக் கணக்கில் அதில் குறிக்கப்பட்டது. அக்காலத்து ஊர்க் கணக்குகள் தமிழ் ஓலைச் சுவடிகளிலும் கிடைத்துள்ளன. மாமல்லபுரத்திற்கு அருகிலுள்ள திருப்போரூரின் கணக்கும் வடக்குப்பட்டின் கணக்கும் சென்னையிலுள்ள சமாஜநீதி சமீக்ஷண கேந்திரத்தால் அச்சிடப்பட்டுள்ளன. 250 ஆண்டுகளுக்கு முன் தன் நிலம் எவ்வாறு பயன்பட்டது என்று எழுத்தில் காட்டவல்ல ஊர்கள் உலகில் பல இல்லை.

அன்று தொட்டு இம்மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைத்து வந்தனர். மழை சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதனைப் பிடித்து வைத்துச் சம்பாவுக்கும் நவரைக்கும் பகிர்ந்தளிப்பதே ஏரியின் வேலை. ஏரி, தாங்கல், வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல் என்னும் இவ்வமைப்பு, ஓர் ஊரின் உபரி அடுத்த ஊரின் வரவாகும்படி சங்கிலித் தொடராக அமைந்தது. மதுராந்தகம் ஏரி இதற்குப் பெயர்பெற்ற சான்று.

இப்போது மூன்று வகை மாறுதல்கள் நம் கண் முன்னே நிகழ்கின்றன.

முதலாவது, ஆயக்கட்டு நிலம் தரிசாகி, அதில் முட்செடிகள் வளர்தல். இரண்டாவது, வயலும் மேய்க்கால் நிலமும் மனைப்பிரிவுகளாதல். மூன்றாவது, கடற்கரை மணல்மேடுகளில் தோப்புகள் அகன்று கட்டிடங்கள் எழுதல். கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் விரிவு பெற்ற பின்னர் இவை மேலும் விரைவு பெற்றன.

வயல் மனையானால் பயிரின் நீர்ச் செலவு நின்றுவிடுமே, அது லாபமல்லவா என்று சிலர் கேட்கலாம். இலை வழியே செல்லும் செலவு குறைவது உண்மை. ஆனால் கூரையிலும் சிமெண்டுத் தரையிலும் விழும் மழை, மண்ணில் இறங்காமல் சாலை வழியே ஓடிப் பள்ளத்தை நிரப்பிக் கடலில் கலக்கிறது. முன்பு வயல் கசிவினால் ஊறிய கிணறு ஊறுவதில்லை. அதே இடத்தில் ஒன்றுக்குப் பதிலாகப் பல ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்படுகின்றன. செலவு குறைந்ததாகத் தோன்றும்; சேமிப்பும் குறைந்து, எடுப்பும் கூடிவிடும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தில் தவித்த அதே நிலப்பகுதி 2019ஆம் ஆண்டுக் கோடையில் குடிநீருக்குத் தவித்ததை நாம் மறக்க இயலாது.

மணலுக்கு அடியிலுள்ள நன்னீர்

கடற்கரைக் கிராமங்களுக்கு மேலும் ஓர் அபாயம் உண்டு. பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணற்பகுதியில், பெய்யும் மழை விரைவாக உள்ளிறங்கி நன்னீராகத் தங்குகிறது. கிழக்கே கடல் நீர், மேற்கே கால்வாயின் உப்பு நீர், இடையே இந்த நன்னீர். உப்பு நீரைவிட நன்னீர் எடை குறைந்ததாதலால், உப்பு நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது.

இது பற்றிய விதியை டச்சு நாட்டவரான கைபன், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்டறிந்தனர். கடல் மட்டத்திற்கு மேல் நிலத்தடி நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இடையில் பாறையோ களிமண்ணோ குறுக்கிடாத இடத்திற்கு இவ்விதி பொருந்தும். இதன் மறுபுறத்தை எண்ணிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறைத்து அந்த நீர்மட்டத்தை ஓரடி இறக்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு நீர் நாற்பது அடி மேலேறி வரும். ஒரு முறை உப்பேறிய கிணற்றை மீண்டும் நன்னீர்க் கிணறாக்கப் பல மழைக் காலங்கள் வேண்டும்.

நெம்மேலியில் 2013ஆம் ஆண்டு முதல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டரும், 2024ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இரண்டாவது நிலையத்தில் பதினைந்து கோடி லிட்டரும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஏற்பாடு உள்ளது. நகரத்தின் தேவைக்கு அது உதவுகிறது. ஆனால் மின்சாரமும் பெரும் பொருளும் செலவிட்டு அங்கே இயந்திரம் செய்யும் வேலையை, நம் மணல்மேடு செலவின்றிச் செய்து தருகிறது. அம்மணலைக் காப்பது எத்துணை முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

மரம் நண்பனா, பகைவனா?

மரம் நட்டால் மழை வரும், நீர் பெருகும் என்பது ஒரு கூற்று. சில மரங்கள் நீரையெல்லாம் குடித்துவிடும் என்பது மற்றொரு கூற்று. அளந்து பார்த்தவர்கள் இரண்டையும் முழுமையாக ஏற்பதில்லை.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு சிறந்த ஆராய்ச்சி நடைபெற்றது. நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில், உதகமண்டலம் மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் அருகருகே இருந்த இரு சிறு நீர்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்து, 1968 முதல் அவற்றின் ஓடை நீரை அளந்தனர். பின்னர் 1972இல் ஒன்றில் மட்டும் பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் தைல மரம் நட்டு, மற்றொன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டனர். முதல் பத்தாண்டுகளில் தைல மரப் பகுதியின் ஓடை நீர் சராசரியாக நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. மரத்தை வெட்டி, மறுதாம்பு விட்ட அடுத்த பத்தாண்டுகளில் குறைவு நூற்றுக்கு 25 பங்குக்கு மேலாயிற்று. புல்லைவிட மரத்தின் வேர் ஆழமானது. கோடையிலும் அது நீரை எடுக்கிறது. எனவே ஓடைக்கு மிஞ்சுவது குறைகிறது.

மலைச்சாரலில் கண்ட இந்த அளவைக் கடற்கரைக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. மண் வேறு, வெப்பம் வேறு, மரமும் வேறு. ஆனால் அங்குக் கையாண்ட முறை நமக்கு வழிகாட்டுகிறது. அருகருகே உள்ள இரண்டை ஒப்பிட வேண்டும். பல ஆண்டுகள் பொறுமையுடன் அளக்க வேண்டும்.

சீமைக் கருவேலத்தைப் பற்றிய செய்தியையும் நோக்குவோம். இதன் இனத்து மரம் ஒன்றின் வேர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. எத்தியோப்பியாவின் அபார் பகுதியில் மரத்தண்டின் நீரோட்டத்தை அளந்த விஞ்ஞானிகள், ஒரு மரம் நாளொன்றுக்குச் சராசரியாக ஏழு லிட்டர் நீர் எடுப்பதாக 2021இல் வெளியிட்டனர். ஏழு லிட்டர் அற்பம் எனத் தோன்றலாம். ஆனால் அம்மரம் ஓர் ஏக்கரில் நூற்றுக்கணக்கில் அடர்கிறது. சம்பா அறுவடையோடு ஓய்வெடுப்பதில்லை. ஆண்டின் எல்லா மாதங்களிலும் எடுக்கிறது. இத்தகைய அந்நியத் தாவரங்களை முறையாக அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. வெட்டினால் மட்டும் போதாது, வேரொடு அகற்றி அவ்விடத்தில் வேறு பயனுள்ளதை வளர்க்காவிடில் அது மீண்டும் தழைத்துவிடும்.

சவுக்கின் நிலை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னையின் விறகுத் தேவைக்காக நம் கடற்கரையில் பரவிய மரம் அது. காற்றைத் தடுக்கிறது, மணலைப் பிணைக்கிறது, தன் வேர் முடிச்சுகளின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு அளிக்கிறது. அதுவும் நீரைச் செலவழிக்கத்தான் செய்கிறது. ஆயினும் சவுக்குத் தோப்பின் மணலில் மழை தடையின்றி இறங்குகிறது. தோப்பு போய்க் கட்டிடம் வந்தால் அவ்வாய்ப்பும் போகிறது. எனவே மரம் நல்லதா தீயதா என்று கேட்பதைவிட, எந்த மரம், எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில் என்று கேட்பதே அறிவுடைமை.

விஞ்ஞானிகள் அளக்கும் முறை

மரத்தண்டில் மெல்லிய இரண்டு ஊசிகளை மேலும் கீழுமாகச் செருகி, மேல் ஊசியைச் சிறிது சூடாக்குவர். தண்டில் நீர் விரைந்து ஏறினால் ஊசி குளிரும். மெல்ல ஏறினால் சூடாகவே இருக்கும். வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு நீரின் அளவைக் கணிப்பர். மரத்திற்கு இதனால் பெருந்தீங்கு இல்லை.

பரந்த பரப்பிற்குச் செயற்கைக் கோள் உதவுகிறது. நிழல் தரும் மரத்தடி குளிர்ச்சியாக இருப்பதற்கு, இலைகள் நீரை ஆவியாக்கி வெப்பத்தை ஈர்ப்பதும் ஒரு காரணம். அதேபோல் நீர் பருகும் வயல் குளிர்ந்தும், காய்ந்த தரிசு சூடாகவும் இருக்கும். இவ்வெப்பத்தை வானிலிருந்து அளந்து, எங்கே எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று கணிக்கின்றனர். 1972இல் முதலாவது லேண்ட்சாட் செயற்கைக் கோள் ஏவப்பட்டது முதல் நிலத்தின் படங்கள் சேர்ந்து வருவதால், அரை நூற்றாண்டு மாறுதலை வரிசையாகப் பார்க்க முடிகிறது.

ஆனால் வானிலிருந்து காண்பதற்கும் எல்லை உண்டு. இன்றைய லேண்ட்சாட் செயற்கைக் கோளின் வெப்பக் கருவி நூறு மீட்டர் சதுரத்தை, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரை, ஒரே புள்ளியாகப் பார்க்கிறது. நம் சிறு விவசாயிகளின் வயலும், வரப்போரப் பனையும், பக்கத்து மனையும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். பருவ மழைக் காலத்தில் மேகம் மறைத்துவிடும். ஆகவே விஞ்ஞானி வயலுக்கு வந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் நம் பஞ்சாயத்துகளின் பங்கு தொடங்குகிறது. டாக்டர் பட்டத்திற்குப் பிந்திய ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளே பொருளுதவி கிடைக்கும். அவ்விரண்டாண்டில் ஒன்று வெள்ள ஆண்டாகவும் மற்றொன்று வறட்சி ஆண்டாகவும் அமைந்துவிட்டால், எது இயல்பு என்று எவ்வாறு துணிவது? ஆராய்ச்சியாளர் வந்து போவார். கிராமம் அங்கேயே இருக்கும். கிராமம் தானே எழுதி வைத்த பத்தாண்டுக் கிணற்றுக் கணக்கு, எந்தக் கருவியாலும் பெற முடியாத செல்வமாகும். நிலம் மனையாகிக் கிணறு உப்பேறிய பின் அக்கணக்கை எழுதத் தொடங்குவதில் பயனில்லை.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. பள்ளி அல்லது பஞ்சாயத்து அலுவலகத்தின் திறந்த வெளியில் மழைமானி ஒன்றை வைத்து, நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் அளவைக் குறித்து வர வேண்டும். மாணவர்கள் இதனை ஆர்வத்துடன் செய்வர்.

2. ஏரிக்கரை, ஆயக்கட்டு, குடியிருப்பு, கடலோரம் ஆகிய இடங்களில் ஒவ்வொரு பொதுக் கிணற்றைத் தேர்ந்து, மாதம் ஒரு முறை நீர்மட்டத்தை முடிச்சிட்ட கயிற்றால் அளந்து ஏட்டில் எழுத வேண்டும். கடலோரக் கிணறுகளில் உப்பின் அளவையும் சோதிக்க வேண்டும்.

3. எந்தச் சர்வே எண்ணில் எவ்வாண்டு நெல், எவ்வாண்டு தரிசு, எவ்வாண்டு மனை என்பதை ஆண்டுதோறும் ஒரு படத்தில் குறித்து வரலாம். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் இதற்கு அடிப்படையாகும்.

4. ஏரி உள்வாயிலிலும் வரத்துக் கால்வாயிலும் ஆக்கிரமிப்பும் முட்காடும் சேராமல் காக்க வேண்டும். புறம்போக்கில் மரம் நடும்போது, வெட்டி விற்பதால் வரும் வருவாயை மட்டுமின்றி, அது எடுக்கும் நீரையும் எண்ண வேண்டும்.

5. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் ஓராண்டுத் தேவை ஒரு லட்சம் லிட்டர். புதிய வீடுகளில் மழைநீர்த் தொட்டியும் உறிஞ்சு குழியும் பெயரளவில் நில்லாமல் உண்மையில் இயங்குகின்றனவா என்று பார்ப்பது பஞ்சாயத்தின் கடமை.

விவசாயிகள் செய்யத்தக்கவையும் உண்டு. நெல் வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல், நீர் மறைய நீர் கட்டலாம். துளையிட்ட ஓரடி நீளக் குழாயை வயலில் பதித்து, மண்ணுக்குக் கீழே அரையடி வரை நீர் இறங்கிய பின்னரே மீண்டும் பாய்ச்சினால், மகசூல் குறையாமல் கால் பங்கு வரை நீர் மிச்சமாகும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிணற்றை மட்டும் நம்பி நவரை நெல் பயிரிடுவோர், அதற்குப் பதிலாக நிலக்கடலை, உளுந்து ஆகியவற்றை எண்ணிப் பார்க்கலாம். காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் வட்டார வேளாண்மை அலுவலரையும் இது குறித்துக் கலந்துகொள்வது நலம்.

மார்ச்சு 22ஆம் நாள் உலகத் தண்ணீர் தினத்தன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அன்று பண வரவு செலவோடு நீர் வரவு செலவையும் படித்துக் காட்டுவோமானால், அக்கூட்டம் பொருளுடையதாகும். மழை எவ்வளவு, கிணறு எவ்வளவு இறங்கிற்று, உப்பு ஏறிற்றா, எத்தனை ஏக்கர் பயிரிலிருந்து மாறிற்று என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும்.

முன்னோர் தம் ஊரின் நிலத்தைக் காணி காணியாகக் கணக்கெழுதி வைத்தனர். அதனால் 250 ஆண்டுகளுக்குப் பின்னரும் நாம் அவர்களின் ஊரை அறிகிறோம். நம் பேரப்பிள்ளைகள் நம் கிணற்றை அறிய வேண்டுமானால், அதற்கான ஏட்டை இவ்வாண்டுப் பருவ மழைக்கு முன்பே திறப்போமாக.